அரிய நோய்க் குடும்பங்களுக்கு இன்னொரு சொந்தம் வேண்டும்

தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு டூஷேன் என்ற வகைத் தசைச்சிதைவு நோய் வரும் என்பது மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அப்படியானால், இங்கே ஒவ்வோர் ஆண்டும் பிறப்பவர்களில் 90 சிறுவர்கள்வரை இந்த நோய்க்கு ஆளாவார்கள். 38 மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால் மாவட்டத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர். ஒரே ஊரில் காலமெல்லாம் பணியாற்றும் மருத்துவர்கூட இப்படி ஒரு குழந்தையைப் பார்க்காமலே ஓய்வுபெற்றுவிடலாம். மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலோ, கடந்த பத்து ஆண்டுகளில் பிறந்தவர்கள் மட்டுமே பல நூறு பேர் இருப்பார்கள். உலகில் இதுவரை அறியப்பட்ட அரிய நோய்கள் 7,000க்கும் மேல். பெரும்பாலானவற்றின் கணக்கும் இப்படித்தான். பக்கத்துத் தெருவில் யாரும் இல்லை. ஆனால் எங்கோ பலர் இருக்கிறார்கள். அவர்களை ஒருவரோடொருவர் சேர்த்துவைக்கும் வேலையைச் சில பெற்றோர்களும் நோயாளிகளும் தங்கள் கைக்காசைப் போட்டுச் செய்துவருகிறார்கள். அதைச் சிகிச்சையின் ஓர் அங்கமாக ஏற்று, அரசு செலவில், அரசு மருத்துவமனையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

நமக்குத்தான் சொந்தபந்தம் இருக்கிறதே, முன்பின் தெரியாதவர்களோடு கூடி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும், ஏன், புற்றுநோய்க்கும்கூட நம் உறவுகள் ஓடி வருகின்றன. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள், சாப்பாடு கட்டி எடுத்து வருகிறார்கள், கடன் வாங்கித் தருகிறார்கள். மரபணு வழியாக வரும் நோயில் மட்டும் இந்த ஏற்பாடு அடியோடு தடுமாறிப்போகிறது. காரணம், இங்கே உறவுகள் வெறும் உதவியாளர்களாக இருக்க முடிவதில்லை. அவர்களும் நோயின் கணக்குக்குள் வந்துவிடுகிறார்கள். டூஷேனும், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியாவும் தாயிடமிருந்து மகனுக்கு வரக்கூடியவை. பரிசோதனை முடிவு வந்த அன்றைக்கே, ‘உங்கள் வீட்டுப் பக்கத்து வியாதி’ என்ற பேச்சு கிளம்பிவிடும். தாய் வீட்டிலோ வேறு பயம். அவளுடைய தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்காள் மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கும். வெளியே சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல மாட்டேன். கல்யாணச் சந்தையில் ஒரு நோயின் பெயர் என்ன பாடுபடுத்தும் என்று தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

இந்த மௌனத்தால் வரும் கேடு சாதாரணமானதில்லை. தாய்க்கு அந்த மரபணு மாற்றம் இருப்பது உறுதியானால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் ஆட்கள் அவளுடைய சகோதரிகளும் அவர்களுடைய பெண்களும்தான். உரிய நேரத்தில் பரிசோதனை செய்துகொண்டால் கர்ப்பத்தின்போதே முடிவெடுக்க வழி இருக்கிறது. மறைக்கப்படும் செய்தியோ சரியாக அவர்களிடமிருந்துதான் மறைக்கப்படுகிறது. மறுபுறம், டூஷேனிலும் ஹீமோபிலியாவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுபவை. டூஷேன் சிறுவர்களின் தாய்மார்களில் பலரிடம் அந்த மரபணு மாற்றமே கிடையாது. செய்யாத குற்றத்துக்கு வாழ்நாளெல்லாம் தண்டனை அனுபவிக்கும் அந்தப் பெண்களிடம் இதை உட்காரவைத்துச் சொல்வதற்கு ஆள் இல்லை. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்வதால் உண்டாகும் நோய்கள் இன்னொரு வகை. அவற்றில் நெருங்கிய உறவில் நடந்த திருமணம் அபாயத்தைக் கூட்டுகிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் அதிகமான திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. மாமன் மகளைக் கட்டியவருக்கு மாமனாரே அம்மாவின் உடன்பிறந்தவர். பழியைப் போடவும் முடியாமல் பேசவும் முடியாமல் இரண்டு வீடுகளும் வாயடைத்துப்போகின்றன. அழுவதற்கு ஒரு தோளும் கேட்பதற்கு ஒரு காதும் வேண்டுமென்றால், இரத்த உறவில்லாத, ஆனால் அதே நோயைச் சுமக்கிற இன்னொரு வீட்டில்தான் கிடைக்கும்.

ஆறுதலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. டூஷேன் பாதித்த நான்கு வயதுப் பையன் தரையிலிருந்து எழுவதைக் கவனித்தால் தெரியும். முதலில் குப்புறத் திரும்புவான். கைகளைத் தரையில் ஊன்றுவான். பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, மெல்ல நிமிர்வான். கெண்டைக்கால் சதை பருத்திருப்பதால் நல்ல புஷ்டியான பிள்ளை என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். சத்து மாத்திரை, எண்ணெய் தேய்ப்பு, கோயில் வேண்டுதல் என்று இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிய பிறகு, யாரோ ஒரு மருத்துவர் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுப்பார். அதன் பிறகு மரபணுப் பரிசோதனை. நோயின் பெயரையும் அதன் போக்கையும் நெரிசலான புறநோயாளிகள் பிரிவில் பத்து நிமிடத்தில் கேட்டுவிட்டு அந்தக் குடும்பம் பேருந்து ஏறும். அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகள் அந்த வீடு செய்ய வேண்டியவற்றை மருத்துவர் ஒரே நாளில் சொல்லித்தர முடியாது. ஸ்டீராய்டு மாத்திரையால் எடை கூடும்போது சாப்பாட்டை எப்படி மாற்றுவது, குதிகால் தசைநாண் இறுகாமல் தினமும் காலை எப்படி நீட்டிவிடுவது, பையனைத் தூக்கும்போது தன் முதுகு போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்கவைப்பது, மூச்சுக் கருவியின் முகமூடி கன்னத்தில் புண்ணாக்காமல் எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் இதைச் செய்து பழகிய இன்னொரு தாய்தான் கையைப் பிடித்துக் காட்டித்தர முடியும். ஹீமோபிலியாவும் அப்படித்தான். தவழும் பருவத்தில் கால்சட்டையின் முழங்காலில் பஞ்சு வைத்துத் தைப்பது, மூட்டு வீங்குவதற்கு முன்பே பிள்ளை சொல்லும் ‘உள்ளே குறுகுறுக்கிறது’ என்ற பேச்சை நம்பி ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஊசிக்கு உடனே கிளம்புவது, வலிக்கு ஆஸ்பிரின் தரக் கூடாது என்று பள்ளி ஆசிரியருக்கு எழுதிக் கொடுப்பது எல்லாம் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொண்ட அறிவு.

அரசின் உதவிகள்கூட இந்த வழியில்தான் பல வீடுகளைச் சென்றடைகின்றன. தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மின்கலத்தால் இயங்கும் சக்கர நாற்காலியும் வழங்குகிறது. தசைச்சிதைவும் ஹீமோபிலியாவும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்டுப்பெற வழி இருக்கிறது. எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம், எந்தச் சான்றிதழில் யார் கையெழுத்து என்பது அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ள வசதியைத் தேடித் தருவதோடு நிற்காமல், இல்லாத வசதியை உண்டாக்கியதும் இத்தகைய கூட்டங்கள்தான். பிரான்சில் தசைச்சிதைவால் பாதிக்கப்பட்ட மகன்களின் தாயான யோலாந்த் த கெப்பெர் 1958இல் மற்றப் பெற்றோரைச் சேர்த்து ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1987 முதல் அந்தச் சங்கம் தொலைக்காட்சி வழியாகத் திரட்டிய நிதியில் ஜெனெத்தோன் என்ற ஆய்வுக்கூடம் எழுந்தது. மனித மரபணுத் தொகுதியின் தொடக்ககால வரைபடங்கள் 1990களின் முதல் பாதியில் அங்கிருந்து வெளிவந்தன. இந்தியாவில் ஹீமோபிலியா கூட்டமைப்பை 1983இல் தொடங்கிய அசோக் பகதூர் வர்மா தானே அந்நோய் உள்ளவர். இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் ஊசி இலவசமாகக் கிடைக்கிறதென்றால், அதற்குப் பின்னால் நோயாளிகளின் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் படியேறிய உழைப்பு இருக்கிறது. எஸ்எம்ஏ என்ற தண்டுவடத் தசைநார்ச் சிதைவுக்கான ரிஸ்டிப்ளாம் மருந்தின் கதை அண்மையது. ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. இந்திய நிறுவனமொன்று அதைத் தயாரிக்க முன்வந்தபோது காப்புரிமை வழக்கு எழுந்தது. நோயாளிகள் தரப்பும் நீதிமன்றத்தில் நின்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது; 15,900 ரூபாய்க்கு அதே மருந்து சந்தைக்கு வந்தது. தனித்தனி வீடுகளில் அழுதுகொண்டிருந்தால் இது நடந்திருக்காது. சேலத்தில் தசைச்சிதைவோடு வாழ்ந்தபடியே வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும் ஆதவ் அறக்கட்டளையை உருவாக்கியதும் இந்த வரிசையில் வைத்துப் போற்ற வேண்டிய செயல்.

முதலில் மருந்து கிடைக்கட்டும், கூடிப் பேசுவதைப் பிறகு பார்க்கலாம் என்பது எதிர்த்தரப்பின் முக்கியமான வாதம். பசித்தவனுக்குச் சோறு என்பதுபோல நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. அரிய நோய்களில் ஏறத்தாழ 95 சதவீதத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தே இன்னும் இல்லை. அந்தக் குடும்பங்களை எவ்வளவு காலம் வெறுங்கையோடு காத்திருக்கச் சொல்வது? 2021இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, அடுத்த ஆண்டில் திருத்தப்பட்டு, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைக்குத் தருகிறது. சிறப்பு மையங்களுக்குக் கட்டமைப்புக்காக 5 கோடிவரை ஒதுக்குகிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் அந்த மையங்களில் ஒன்று. இவை தேவையான, இன்னும் கூட்டப்பட வேண்டிய தொகைகள். அதே மையத்தில் குடும்பங்களை இணைக்க ஓர் ஆளை நியமிக்க ஆகும் ஆண்டுச் சம்பளம், ஒரு நோயாளிக்கான உச்சவரம்பில் ஒரு சிறு துண்டு. அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில், மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோரை அனுபவமுள்ள பெற்றோரோடு தொலைபேசியில் இணைத்துப் பார்த்த ஆய்வொன்று 1999இல் வெளியானது. பங்கேற்றவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அது உதவியது என்றார்கள். தேவைப்பட்டது சில தொலைபேசி அழைப்புகள் மட்டுமே.

இன்னொரு தயக்கம் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. இப்போதுதான் நோயின் பெயரைக் கேட்ட தாய், ஐந்து வயது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முகாமுக்கு வருகிறார். அங்கே சக்கர நாற்காலியில் பதினேழு வயதுப் பிள்ளைகள். தன் மகனின் எதிர்காலம் ஒரே பார்வையில் கண்முன் வந்து நிற்கிறது. ‘இனி வரவே மாட்டேன்’ என்று திரும்பிப்போகிறவர்கள் உண்டு. இந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அந்தத் தாய் அன்றிரவே கைப்பேசியில் தேடி இதைவிடக் கொடூரமான படங்களைத் தனியாகப் பார்த்துவிடுகிறார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். எனவே பிரச்சினை சந்திப்பில் இல்லை, அதன் வரிசையில் இருக்கிறது. முதல் சந்திப்பு முகாமாக இருக்க வேண்டியதில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளையுள்ள ஒரே ஒரு குடும்பம், அதே வட்டாரத்தைச் சேர்ந்த, பேசப் பயிற்சி பெற்ற குடும்பம் போதும். பெரிய கூட்டத்துக்கு அவர்கள் தயாராகும் நாளை அவர்களே முடிவு செய்யட்டும். அப்படிப் போகும் நாளில், அந்தப் பதினேழு வயதுப் பையன் பிளஸ் டூ எழுதியவன் என்பதும் நண்பர்களோடு கிரிக்கெட் ஸ்கோருக்காகச் சண்டை போடுபவன் என்பதும் கண்ணில் படும்.

குழுக்களில் தவறான தகவல் பரவும் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. தசைச்சிதைவுக் குடும்பங்களைக் குறிவைத்து ஸ்டெம் செல் ஊசி விற்பவர்கள் லட்சக்கணக்கில் கறக்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட ரத்த நோய்ச் சிகிச்சைகளைத் தவிர, ஆய்வுக்கு வெளியே இதை விற்பது தவறு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் தெளிவாகச் சொன்ன பிறகும் இது நடக்கிறது. ஆனால் அந்த வலையில் எளிதில் விழுவது யாரிடமும் கேட்க வழியில்லாத தனிக் குடும்பம். பணத்தைக் கொடுத்து ஏமாந்த பத்துப் பேர் இருக்கும் கூட்டத்தில் அடுத்தவரை ஏமாற்றுவது கடினம். மருத்துவமனையோடு சேர்ந்து இயங்கும் கூட்டமென்றால் இன்னும் கடினம். மருந்து நிறுவனங்களின் பணம் சங்கங்களுக்குள் நுழைந்து அவற்றின் குரலை வளைக்கும் என்ற கவலையும் சரியானது. வெளிநாடுகளில் இதுபற்றி நீண்ட விவாதமே நடந்திருக்கிறது. அதற்கு விடை சங்கங்களைக் கைவிடுவதில் இல்லை. மண்டப வாடகைக்கும் பயணச் செலவுக்கும் கம்பெனியிடம் கையேந்தாதபடி அரசு நிதி தருவதில் இருக்கிறது.

ஆகவே, நோய் உறுதியாகும் நாளிலேயே மருத்துவமனை ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இதே நோயுள்ள ஒரு குடும்பம் உங்களோடு பேசலாமா? வேண்டாம் என்றால் ஆறு மாதம் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும்; பெயரும் ஊரும் சம்மதமின்றி வெளியே போகக் கூடாது. திருமண வயதில் பெண்கள் உள்ள வீடுகளுக்கு இந்த உறுதிமொழி இல்லாமல் எதுவும் நகராது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது மண்டல அளவில் சந்திக்க, துணைக்கு வருபவருக்கும் சேர்த்துப் போக்குவரத்துச் செலவு தர வேண்டும். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வருபவர்களுக்கு அந்த நாளின் கூலியும் வேண்டும். ஒவ்வொரு சிறப்பு மையத்திலும் இதற்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தோடு நியமிக்கப்பட வேண்டும். அந்தப் பணிக்குப் பட்டத்தைவிட அனுபவமே தகுதியாக இருக்கட்டும். நோயோடு வாழ்பவர்களும் அவர்களைப் பேணும் பெற்றோரும் விண்ணப்பிக்கட்டும். மகனை இழந்துவிட்ட தாய்க்கும் அதில் இடம் இருக்க வேண்டும். மூச்சுக் கருவியின் ஒவ்வொரு ஓசையையும் பிரித்தறியக் கற்ற அந்தப் பெண், மகன் போன மறுநாளே மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து மறைந்துவிடுகிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இப்போதுதான் நோயின் பெயரைக் கேட்ட இன்னொரு வீட்டுக்கு இன்றைக்கே தேவைப்படுகிறது.