சுவரைத் தட்டிப் பாருங்கள்



தூத்துக்குடியில் என் தகப்பனார் 1988ஆம் ஆண்டு கட்டிய வீட்டில் என் தாயார் இன்றும் வசித்து வருகிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடற்காற்றையும் உப்பையும் தாங்கி நின்ற அதன் வெளிச்சுவர்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் களையிழந்து காணப்பட்டன. கிழக்குச் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று தீர்மானித்து, இரண்டு ஒப்பந்தக்காரர்களை அழைத்தேன்.

முதலில் வந்தவர் வயது முதிர்ந்த அண்ணாச்சி. கையில் ஒரு சிறிய சுத்தியலோடு வந்து, சுவரை அடி அடியாகத் தட்டிக்கொண்டே ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றி நடந்தார். சில இடங்களில் ஓசை கெட்டியாகவும் சில இடங்களில் பானையைத் தட்டினாற்போலவும் கேட்டது. "ஐயா, மூன்று இடங்களில் பூச்சு செங்கலை விட்டு விலகியிருக்கிறது. மாடியின் கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் வெடிப்பு விழுந்து தண்ணீர் இறங்குகிறது. சன்ஷேடுக்குள் கம்பி துருப்பிடித்திருக்கிறது. முதலில் இவற்றைக் கொத்தி எடுக்க வேண்டும். புதுப்பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். அதன்பின் ஒரு மாதமாவது காய்ந்த பிறகே வர்ணம் பூச வேண்டும். மழை முடிந்து தை மாதம் தொடங்கலாம்" என்றார்.

இரண்டாவதாக வந்தவர் இளைஞர். அவர் சுவரைத் தொடவேயில்லை. கைப்பேசியில் வர்ணங்களைக் காட்டி, "பத்தே நாளில் புது வீடாக்கித் தருகிறேன்" என்றார். அவர் கேட்ட தொகை முதியவர் கேட்டதில் ஏறக்குறையப் பாதி. நான் யாரைத் தெரிந்துகொண்டிருப்பேன் என்று நீங்களே அறிவீர்கள்.

சாரம் கட்டினார்கள், மேலாகச் சுரண்டினார்கள், பட்டி பூசி இரண்டு முறை வர்ணம் அடித்தார்கள். கீதபவனிக்கு வந்த வாலிபர்கள் வீட்டைப் பார்த்து வியந்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

மாசி வெயில் ஏறியபோது சுவரில் கொப்புளங்கள் எழும்பின. உள்ளே அடைபட்டிருந்த ஈரம் வெயிலில் ஆவியாகி, வெளியேற வழியின்றி வர்ணத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. பங்குனியில் ஒருநாள் மாலை, சன்ஷேடின் ஓரத்திலிருந்து ஒரு முழ அகலத்துக்குக் காரை பெயர்ந்து, கீழே கிடந்த பெஞ்சின்மேல் விழுந்தது. என் தாயார் நாள்தோறும் அந்த வேளையில் அமர்ந்து வேதம் வாசிக்கும் பெஞ்சு அது. சற்று முன்புதான் மூக்குக்கண்ணாடியை எடுக்க அவர் உள்ளே சென்றிருந்தார்.

அந்த இளைஞரை அழைத்துக் கோபத்தோடு கேட்டேன். அவர் தலைகுனிந்தவாறே, "ஐயா, வர்ணம் அடிக்கத்தான் சொன்னீர்கள். சுவரைச் சரிசெய்யச் சொல்லவில்லையே" என்றார். தொழில் தெரிந்தவர் குறையைச் சொல்லாமல் மறைத்தது தவறு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குறையைச் சொன்னவரை அனுப்பிவிட்டு, சொல்லாதவரைத் தேடிப் பிடித்தவன் நான் அல்லவா?

'நேர்மையான ஒப்பந்தக்காரர் கிடைப்பதில்லை' என்று நாம் அடிக்கடி குறைகூறுகிறோம். கிடைக்கிறார்கள் என்பதே என் எண்ணம். அவர்கள் நம் வாசல்வரை வந்து, உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக வெறுங்கையாய்த் திரும்பிப் போகிறார்கள். மூன்று பேரிடம் விலை கேட்டு, மிகக் குறைவாகவும் மிக இனிமையாகவும் பேசியவருக்கு நாம் முன்பணம் கொடுக்கிறோம். இப்படியே நாம் செய்துவந்தால், நேர்மையாளரும் ஒருநாள் சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டு வர்ண அட்டையோடு வரக் கற்றுக்கொள்வார்.

அந்நாட்களில் எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். ஒருவன் உறுதியற்ற சுவரைக் கட்டுகிறான். வேறு சிலர் அதன்மேல் சாரமற்ற சாந்தைப் பூசி அழகாக்குகிறார்கள். பெருமழை வரும்போது சுவர் விழுகிறது. தேவன் அங்கே கடிந்துகொள்வது கொத்தனார்களை அல்ல, சமாதானமில்லாத இடத்தில் சமாதானம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை. அப்பியாயம் என்மேல் திரும்பியது. முன்பொருமுறை மனம் கசந்த ஒரு கணவனும் மனைவியும் என்னிடம் வந்தார்கள். மன்னிப்பைப் பற்றி ஒரு வசனத்தை வாசித்து, இருவர் கைகளையும் சேர்த்து வைத்து ஜெபித்து, அரைமணி நேரத்தில் அனுப்பிவிட்டேன். எங்கே வெடிப்பு, எவ்வளவு காலமாகத் தண்ணீர் இறங்குகிறது என்று நான் கேட்கவேயில்லை. சில மாதங்களில் அந்தக் குடும்பம் பிரிந்தது. நானும் பத்தே நாளில் வீட்டைப் புதிதாக்கித் தருகிறவனாகவே இருந்திருக்கிறேன்.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில், தோஷம் காணப்பட்ட வீட்டை ஆசாரியன் வந்து பார்க்கிறான். உடனே பூசச் சொல்வதில்லை. ஏழு நாள் அடைத்து வைக்கிறான். மறுபடியும் வந்து பார்க்கிறான். கெட்ட கற்களைப் பெயர்த்து, உட்புறத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச்சாந்து பூசப்படுகிறது. பார்ப்பதும், பொறுத்திருப்பதும், மறுபடி பார்ப்பதும் ஊழியமே.

வெட்கத்தோடு அந்த அண்ணாச்சியை மீண்டும் அழைத்தேன். அவர் ஒரு சொல்லும் குத்திப் பேசாமல் சுத்தியலோடு வந்தார். நான் செலவழித்த வர்ணம் முழுவதும் குப்பையாய் உதிர்ந்தது. துருவைத் தேய்த்து நீக்கினார்கள், வெடிப்பை அடைத்தார்கள், புதிதாய்ப் பூசினார்கள். வேலையாட்களில் பலர் அன்றாடக் கூலியில் வாழ்கிறவர்கள் என்பதால், முடிந்த வேலைக்குரிய பணத்தை ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் தாமதமின்றிக் கொடுத்தேன். கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கும்படி உபாகமம் 24ஆம் அதிகாரம் கற்பிப்பதை நாம் பிரசங்கத்தில் கேட்டால் மட்டும் போதாது. அதன்பின் ஒரு மாதம் சுவர் வர்ணமின்றிச் சாம்பல் நிறத்தில் நின்றது. தெருவில் போனவர்கள், "ஏன் ஐயா வீடு இப்படிக் கிடக்கிறது?" என்று கேட்டார்கள். "காய்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

பிரியமானவர்களே, வீட்டு வேலைக்கு ஒருவரை அழைக்கும்போது, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதற்கு முன், "இந்தச் சுவரில் என்ன குறை இருக்கிறது?" என்று கேளுங்கள். செய்ய வேண்டியவற்றையும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கேட்க விரும்பாததைச் சொல்லுகிறவரை உடனே அனுப்பிவிடாதீர்கள். உங்கள் போதகரிடமும் அப்படியே கேளுங்கள். நான் இனிமையாய் மட்டும் பேசி உங்களை வீட்டுக்கு அனுப்பும் நாளில், "ஐயா, சுவரைத் தட்டிப் பார்த்தீர்களா?" என்று என்னைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தக் கணவனையும் மனைவியையும் நான் மறுபடி சென்று சந்தித்து வருகிறேன். அந்தச் சுவர் இன்னும் காயவில்லை. அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

நம் இருதயங்களை ஆராய்ந்து அறிகிற கர்த்தர், மறைந்திருக்கும் வெடிப்புகளை நமக்குக் காண்பித்து, காத்திருக்கும் பொறுமையையும் தந்தருள்வாராக. ஆமென்.