எத்தனை கிலோ குறையும்?

எடைக்குறைப்பு அறுவை என்றதும் நாம் எழுப்பும் முதற்கேள்வி இதுதான். விளம்பரங்களும் இதற்கே விடையளிக்கின்றன. கேள்வியே பிழையானது என்போம்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி அகற்றிவிடுகிறார்கள். அதை மீட்க வழியில்லை. பைபாஸ் முறையில் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். முன்னதில் நெஞ்செரிச்சல் புதிதாய்த் தோன்றலாம், இருப்பது முற்றலாம். அத்தொல்லை கடுமையாக உள்ளவருக்குப் பெரும்பாலும் பைபாஸையே பரிந்துரைப்பது இதனால்தான். பின்னதிலோ, இனிப்பு உண்டதும் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். எதைச் செய்துகொண்டாலும் இரும்பு, கால்சியம், பி12 முதலியன ஆயுள் முழுதும் வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். கட்டணத்தை மட்டும் விசாரித்து முறையைத் தேரும் குடும்பங்களுக்கு இந்த நீண்ட கணக்கை யார் சொல்கிறார்கள்?

2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் இத்தகைய அறுவைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தபோது சில நாள் அஞ்சினோம், பிறகு மறந்தோம். அத்தகைய மரணம் அரிது. அறுவைக்குப் பின் வாழ வேண்டிய நாற்பது ஆண்டுகள் அரிதல்ல. அவற்றைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

'சோம்பேறிகளின் குறுக்குவழி' என்று இகழ்வோர் நம்மிடையே உண்டு, படித்தவர்களே மிகுதி. ஆடி மாதம் கீரமங்கலம், வடகாடு பக்கத்து மொய்விருந்துப் பந்தலுக்கு அவர்கள் வரட்டும். நான்கு வாய்க்குமேல் இறங்காதவர், சோற்றோடு நீரும் அருந்தக் கூடாதவர், இலையைக் கையால் மறைக்கிறார். விரலிடுக்கில் கறியை ஊற்றி, 'சாப்பிடாமல் மொய் எழுதுவதா' என்று கடிந்துகொள்கிறோம். சென்ற ஆடியில் இதே பந்தியில் அவரது பருமனைப் பார்த்து நகைத்தவர்களும் நாம்தானே?