பேன் எல்லாம் ஒண்ணு இல்லை!

தலைப்பைப் படிச்சதும் தலையைச் சொறியாதீங்க! நான் சொல்வது ஜீப்பில் ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் பேன்.

நம் ஜவ்வாது மலையில் பஸ் போகாத ஊருக்கெல்லாம் ஜீப்புதான் பஸ். சாமை மூட்டையும் புளி மூட்டையும் போவது அதில்தான். நோயாளி போவதும் அதில்தான். என் மாமாவிடம் பழைய பெட்ரோல் ஜீப்பு இருக்கிறது. செலவு குறையும் என்று போன வருஷம் அதில் டீசல் இன்ஜின் மாற்றினார். அந்த இன்ஜின் நீளமாக இருந்ததால் அதோட பேன் ரேடியேட்டரில் இடித்தது. அதைக் கழற்றிவிட்டு, பழைய சாமான் கடையில் ஒரு சின்ன காரின் கரண்ட் பேனை வாங்கி மாட்டினார்கள். "பேன்னா பேன்தானே, காத்து வந்தா சரி" என்றார்கள்.

சித்திரை மாசம் எங்க அக்காவுக்குப் பிரசவ வலி வந்தது. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஏத்தத்தில் ஜீப்பு கொதித்து நின்றுவிட்டது. அரை மணி நேரம் அக்கா வலியில் துடித்தாள். அம்மா சேலை முந்தானையால் விசிறிக்கொண்டே அழுதாங்க. நல்லவேளை, தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் மாமா கூட நானும் போய்ப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது என் நோட்டுத்தாள் ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தேன். காற்றை உள்ளே இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ளணும். அதுவோ வெளியே பறந்தது! ஒயர் மாறியிருந்ததால் பேன் தலைகீழாகச் சுற்றி, எதிர்க்காற்றோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்தது. ஒயரை மாற்றிக் கொடுத்த பிறகும் சூடு முழுசாகக் குறையவில்லை. பேன் சின்னது. அதனால்தான் சொல்கிறேன், பேனை விலை பார்த்து வாங்கக் கூடாது, இன்ஜின் பார்த்துதான் வாங்க வேண்டும்.

முதலாவது, அளவு. உதாரணத்துக்கு மாருதி 800 காரின் இன்ஜின் 796 சி.சி. ஜீப்பில் போடும் டீசல் இன்ஜின் பெரும்பாலும் 2,000 சி.சி.க்கு மேல். தம்பி சட்டை அப்பாவுக்குச் சேருமா? ரேடியேட்டரும் பெரிய இன்ஜினுக்குத் தகுந்ததாக இருக்கணும். பேனைச் சுற்றித் தகர மூடி இருந்தால்தான் ரேடியேட்டர் முழுக்கக் காற்று இழுக்கும்.

இரண்டாவது, கரண்ட். 20 ஆம்பியர் இழுக்கும் பேனுக்கு 12 × 20 = 240 வாட் வேண்டும். 60 வாட் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தாலே 120 வாட்தான். ஆகவே தடித்த ஒயர், ரிலே, பியூஸ் வேண்டும். ஆல்டர்னேட்டரும் தாங்கணும். இல்லாவிட்டால் ராத்திரியில் பேட்டரி இறங்கிவிடும்.

மூன்றாவது, சுவிட்ச். மாமா கையால் போடும் சுவிட்ச் வைத்திருந்தார். அவசரத்தில் மறந்துபோகும். சுமார் 90 டிகிரி சூடானதும் தானாகப் போடும் சுவிட்ச்தான் நல்லது.

"தண்ணி கேன் வச்சுக்கிட்டா போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. உயரம் கூடினால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று அறிவியலில் படித்தோமே! நம் காவலூர் வானாய்வுக்கூடம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97½ டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் அதைத் தடுக்கிறது. சூட்டோடு அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் மூஞ்சியில் அடிக்கும்.

இன்னொன்று. இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிவு செய்யணும். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

"பொம்பளப்புள்ளைக்கு ஜீப்பு பேச்சு எதுக்கு?" என்று பெரியப்பா கேட்டார். வலியோடு அந்த ஜீப்பில் போறது பொம்பளைங்கதானே பெரியப்பா! மாமா இப்போது பெரிய பேன் மாட்டிவிட்டார். உங்கள் வீட்டிலும் ஜீப்பு இருந்தால் இன்றைக்கே ஒரு தாளை வைத்துப் பாருங்கள்.

விரலுக்கேத்த வீக்கம் என்று பாட்டி சொல்லும். இன்ஜினுக்கேத்த பேன் என்று நான் சொல்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி