மொறிஸ் மைனரின் எஞ்சினைக் கழற்றி எறியாதீர்கள்

திருகோணமலையில் உங்களிடம் பழைய மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது என்று சொன்னாலே போதும், முதலில் வாற ஆலோசனை ஒன்றுதான்: "அந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு நிசான் ஒண்டை இறக்குங்கோ தம்பி." கராஜில், தேத்தண்ணிக் கடையில், கலியாண வீட்டுப் பந்தலுக்குக் கீழே, எங்கே போனாலும் இதே கதைதான். எங்களுக்கும் சொன்னார்கள். நாங்கள் மூன்று பேர். கார் எங்களில் ஒருவரின் அப்பப்பாவுடையது, 1959ஆம் ஆண்டு மைனர் 1000, 948 சிசி. கையில் காசு இல்லை. இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டிய பிறகு எங்களுக்கு வந்த முடிவு கொஞ்சம் தலைகீழானது: காசு குறைந்தவர்தான் பழைய எஞ்சினை வைத்துக்கொள்ள வேணும். மாற்றுவது காசுள்ளவரின் வேலை.

ஏனென்றால் எஞ்சினை மாற்றுகிற செலவு எஞ்சினோடு முடியிறதில்லை. அது இருக்க மவுண்டிங் வெட்டி ஒட்ட வேணும். அதன் கியர்பொக்ஸ் வேறு, அதற்கேற்ப ஷாப்டின் நீளம் வேறு, ரேடியேட்டர் போதாது. எல்லாம் முடிந்தபிறகு புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேணும். "நிசான் எஞ்சின் மலிவு" என்று சொல்பவர்கள் முதலாவது பில்லை மட்டும்தான் சொல்கிறார்கள். காரை வைத்து ஹயர் ஓடிப் பிழைக்கிறவர் மாற்றினால் அதில் நாங்கள் குறை சொல்ல மாட்டோம், அவருக்கு நாளைக்கே ஓட வேணும். ஆசைக்கு வைத்திருப்பவர்களோடுதான் எங்கள் வழக்கு.

மைனருக்குள் இருப்பது ஏ-சீரிஸ். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காருக்காக 803 சிசியில் பிறந்து, மினிக்குள் போய், 2000ஆம் ஆண்டு வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்த எஞ்சின். ஐம்பது வருடமாக உலகம் முழுக்க ஆட்கள் இதைத் திறந்து, கெடுத்து, திருத்தி, எதைச் செய்தால் என்ன நடக்கும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். டேவிட் விசார்ட் இந்த ஓர் எஞ்சினின் டியூனிங்குக்கு மட்டும் தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார். வேறெந்தப் பழைய எஞ்சினுக்கும் இவ்வளவு இலவச அறிவு கிடைக்காது.

அந்த அறிவைப் படிக்காமலே நாங்கள் தொடங்கினோம் என்பதையும் சொல்லிவிட வேணும். முதலில் வாங்கியது சைலன்சர். இரண்டாவது, இரட்டைக் காபுரேட்டர். சைலன்சர் போட்டதும் சத்தம் இரண்டு மடங்கானது, வேகம் அப்படியே இருந்தது, பக்கத்து வீட்டு அன்ரி இரண்டு கிழமை எங்களோடு கதைக்கவில்லை. இரட்டைக் காபுரேட்டர் இன்றைக்கும் அலுமாரிக்கு மேலே சாக்குக்குள் கிடக்கிறது. எஞ்சின் தேய்ந்திருந்தது. தேய்ந்த எஞ்சினுக்கு இரண்டு வாய் வைத்தால் அது இரண்டு வாயாலும் புகைதான் விடும்.

பிறகுதான் ஹெட்டைத் திறந்தோம். திறந்து காட்டிய ஐயா யாழ்ப்பாணத்தில் வேலை பழகியவர். பிஸ்டனின் தலையைத் துடைத்து அங்கே அடித்திருந்த இலக்கத்தைக் காட்டினார்: 040. இந்த புளொக் ஏற்கெனவே 40 தவ் கடைந்தது என்று அர்த்தம், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது. இன்னும் ஒருதரம், 60 தவ் வரை போகலாம். அதற்கு அப்பால் சுவர் மெலியும். ஒரு துணியும் கொஞ்ச மண்ணெண்ணெயும் தந்த தகவல் இது. இதை முதலே பார்த்திருந்தால் சைலன்சர் காசில் போறிங் முடிந்திருக்கும்.

மண்ணெண்ணெய் என்றதும் அவருக்குப் பழைய கதை வந்துவிட்டது. 1990இல் மீண்டும் சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, மொறிஸும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. கேட்கச் சாகசம் போல இருக்கும். எஞ்சினுக்கு அது தண்டனை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு, அழுத்தம் கூடினால் தட்டும். எரியாமல் மிஞ்சுவது றிங்கைத் தாண்டி வடிந்து ஒயிலைத் தண்ணியாக்கும், பேரிங் தேயும். அந்த மெக்கானிக்குகள் பத்து வருடத்துக்கு மேல் பழகியது எஞ்சினை எப்படி இறக்கி ஓட்டுவது என்பதை. டியூனிங் என்று நாங்கள் சொல்வது அதே அறிவைத் திருப்பிப் போடுவதுதான். ஒன்றை எப்படி இறக்குவது என்று தெரிந்தவருக்கு ஏற்றவும் தெரியும். அந்த ஆட்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் போய் நிற்கும் இளசுகளை நாங்கள் அதிகம் காணவில்லை. எங்களுக்கு நிசான் மேல் கோபம் வரக் காரணம் பாதி இதுதான்.

ஏற்றுவது எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 948ஐ நாலால் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 237 சிசி. தொழிற்சாலை கொடுத்த அழுத்த விகிதம் 8.3க்கு 1. அதற்குப் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடம் சுமார் 32.5 சிசி. விகிதத்தை 9க்கு ஏற்ற வேணுமென்றால் அந்த இடம் 29.6 சிசி ஆக வேணும். வித்தியாசம் மூன்று சிசிகூட இல்லை, தேக்கரண்டியில் பாதி கொஞ்சம் கூட. அவ்வளவைத்தான் ஹெட்டின் முகத்தைச் சீவி எடுக்க வேணும். பார்மசியில் ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்ச் ஒன்று, சின்னத் துளை போட்ட பேர்ஸ்பெக்ஸ் துண்டு ஒன்று, கொஞ்சம் எண்ணெய். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து ஒவ்வொரு குழியிலும் எவ்வளவு எண்ணெய் போகிறது என்று அளந்தோம். நாலும் நாலு அளவு! பெரிய குழியோடு மற்ற மூன்றையும் சமப்படுத்தவே ஒரு முழு ஞாயிறு போனது. செலவு, சிரிஞ்சின் விலை. (போறிங் பண்ணினால் 237உம் கொஞ்சம் கூடும், கணக்கைத் திரும்பப் போட வேணும். நாங்கள் மறந்துவிட்டுப் பிறகு போட்டோம்.)

9க்கு மேலே போக ஆசைப்பட வேண்டாம். எங்கள் வெயிலில் 92 ஒக்டேன் பெற்றோலோடு அது தட்டத் தொடங்கும். 95 அடிக்கலாம் என்பீர்கள். மாதம் முழுக்க அடிக்கக் காசு இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை. ஹெட் லேத்தில் இருக்கும்போதே எக்ஸோஸ்ட் வால்வுகளுக்குக் கடின இருக்கை போட்டுவிடுங்கள். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் நின்றுபோனது. பழைய இரும்பு இருக்கைகளை அதுவரை காப்பாற்றியது அந்த ஈயம்தான். இதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டி வரும்.

காபுரேட்டர் பழைய எஸ்யூ ஒன்றே போதும். அதன் ஸ்பிண்டில் தேய்ந்து பக்கத்தால் காற்று இழுப்பதுதான் பாதிக் கார்களின் வருத்தம். புஷ் போட்டால் சரியாகும். பொயின்ற் இடைவெளி 15 தவ், அதைச் சரியாக வைக்க ஒரு பீலர் கேஜ். இதெல்லாம் டியூனிங்கா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் காரில் ஆளுக்குத் தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் வந்தது.

இனி எங்களுக்குள் இன்னும் தீராத சண்டை. ஒருவர் 1098 சிசி எஞ்சின் தேடுவோம் என்கிறார். 1962க்குப் பிறகு வந்த மைனரில் இருந்தது, 948இன் 37 குதிரைவலுவுக்குப் பதிலாக 48. அப்படியே உட்காரும், வெட்டுக்கொத்து இல்லை. ஆனால் அதன் ஸ்ட்ரோக் 83.7 மில்லிமீற்றர், கிராங் மூன்று பேரிங்கில்தான் நிற்கிறது, மேலே சுற்ற விரும்பாத எஞ்சின். மற்ற இருவரும் 948ஐ விடமாட்டோம் என்கிறோம். மூவரும் ஒத்துப்போவது பிறேக்கில். தொழிற்சாலைக்காரனே 1098 போட்டபோது முன் பிறேக் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 ஆக்கித்தான் விட்டான். எஞ்சினுக்குக் காசு போட்டு பிறேக்கை அப்பப்பா காலத்திலேயே விட்டுவைக்கிற பெடியளைக் கண்டால் எங்களுக்குப் பயம். 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டத்தில் கார் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அது பந்தயத் திடல். எங்கள் தெருவில் மாடும் ஆட்டோவும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

"பாகம் கிடைக்காதே" என்பது பொய்யான பயம். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிலையத்தோடு சேர்ந்து டியூரபிள் கார் கம்பனி என்று ஒன்று இலங்கையிலேயே மைனர் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. பிறந்த நாட்டுக்கே பாகம் அனுப்பிய நாடு இது. கிடைக்காமல் போனது பொறுமைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, கார்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய காரின் விலை ஏறியது, அதைத் திருத்தத் தெரிந்தவரின் மதிப்பு ஏறவில்லை.

2022ஐ நாங்கள் மறக்கவில்லை. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில், பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் படுத்தோம். பிறகு கியூஆர் வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். சரியாக எரிகிற எஞ்சின் அந்த 20ஐ எவ்வளவு தூரம் இழுக்கும் என்பது அப்போது வீட்டுச் செலவுக் கணக்கு. எங்களுக்கு டியூனிங் ஆசை வந்ததே அந்த வரிசையில்தான்.

போன மாதம் காரை இலங்கைத்துறை முகத்துவாரம் வரை கொண்டுபோனோம். வெள்ளைமணல் தாண்டி, 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது அப்பப்பா இதே காரோடு இந்த இடத்தில் பாதைக்காகக் காத்து நின்ற கதையை அவர் பேரன் சொன்னார். மூதூர், சேருநுவர, ஈச்சிலம்பற்று. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் தட்டவில்லை. ஹெட் கஸ்கட்டில் ஒயில் கசியவில்லை. திரும்பி வரும்போது நேர் ரோட்டில் எஞ்சின் தேவைக்கு மேல் கத்தியது, அதற்குக் காரணம் 4.55 டிஃப். பிந்திய மைனர்களில் 4.22 இருந்தது. கிழக்கில் எங்கேயாவது கோழிக்கூட்டுக்குப் பின்னால் அப்படி ஒன்று கிடந்தால் சொல்லுங்கள், மாற்றாக இரட்டைக் காபுரேட்டர் தரத் தயார்.