கண்ணில்லாத துவக்கு

மீள்குடியேறிய காணிகளிலும் காட்டோரச் சேனைகளிலும் பற்றை வெட்டப் போகிறவர்கள் சில வேளைகளில் விசித்திரமான ஒரு பொருளைக் காண்பதுண்டு. மரத்தின் அடியிலோ, நிலத்தில் அறைந்த கட்டைகளிலோ ஓர் இரும்புக் குழாய் இறுகக் கட்டப்பட்டிருக்கும். பார்வைக்குத் துவக்கின் குழல் போலிருக்கும். ஆனால் தோளில் வைக்கும் பிடங்கு இல்லை. விரலால் இழுக்கும் விசை இல்லை. குறி பார்க்கும் முனையும் இல்லை. இது எதற்காகச் செய்யப்பட்டது?

இல்லாத உறுப்புகளே அதற்கு விடை சொல்கின்றன. பிடங்கு இல்லையென்றால் இதைத் தாங்கத் தோள் தேவையில்லை. குறிமுனை இல்லையென்றால் பார்க்கக் கண் தேவையில்லை. விரலின் வேலையைப் பாதைக்குக் குறுக்கே கட்டிய கம்பியோ நூலோ செய்கிறது. அந்தக் கம்பி பெரும்பாலும் முழங்கால் உயரத்தில் ஓடும். அது காட்டுப்பன்றியின் உடல் உயரம். இதுவே நம் கிராமங்களில் கட்டுத்துவக்கு எனப்படுவது.

பன்றியின் உடல் உயரம் மனிதனுக்குக் கால் உயரம். அதனால்தான் அநுராதபுரம் போன்ற விவசாய மாவட்டங்களின் வைத்தியசாலைகளுக்கு இதனால் காயப்பட்டு வருவோரில் பெரும்பாலானோர் கால்களில் அடிபட்டிருக்கிறார்கள். எலும்பு நொறுங்குகிறது, ஈயத்துடன் மண்ணும் துணியும் காயத்துக்குள் புகுகின்றன. உயிர் தப்பினாலும் சிலர் காலை இழக்கிறார்கள். இவர்களில் அநேகர் நம்மைப் போன்ற விவசாயிகளே. யானைகளும் இதனால் காயப்பட்டு நாட்கணக்காக வேதனைப்பட்டுச் சாகின்றன.

கட்டுபவரின் துயரத்தையும் நாம் அறிவோம். கடன்பட்டு நட்ட மரவள்ளியையும் கச்சானையும் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கிளறிப் போட்டால் வயிறு எரியத்தான் செய்யும். பயிரைக் காப்பது அவருடைய உரிமை. ஆனால் துவக்கைக் கட்டிவிட்டு வீட்டில் படுத்திருப்பது காவல் அல்ல. காவல்காரன் விழித்திருப்பான், வருவது யார் என்று பார்ப்பான், பிள்ளையென்றால் கையை எடுத்துவிடுவான். கட்டுத்துவக்கு இவற்றில் எதையும் செய்யாது.

இந்தத் தர்க்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் நிலவுடைமையாளர்கள் திருடருக்காக இத்தகைய துவக்குகளைக் கட்டி வைத்தார்கள். 1825 இல் ஒருவரின் பூந்தோட்டத்துக்குள் புகுந்த பெண்மயிலைப் பிடித்துக் கொடுக்கப் போன இளைஞன் ஒருவன் அதில் சிக்கிக் காயமடைந்தான். 1827 இல் பாராளுமன்றம் சட்டமியற்றி, இரவில் வீட்டைக் காப்பதற்காக வைப்பது தவிர்ந்த ஏனையவற்றைத் தடை செய்தது. 1828 இல் நீதிமன்றமும் அவ்விளைஞன் பக்கமே தீர்ப்பளித்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? மிதிவெடி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வைத்தவன் போன பின்னும், யுத்தம் 2009 இல் முடிந்த பின்னும், அது மண்ணுக்குள் காத்துக் கிடந்தது. மிதிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. மிதிவெடி அகற்றப்பட்ட காணியில் நாமே ஒரு கட்டுத்துவக்கை வைப்பது என்ன நியாயம்?

எனவே இரண்டு காரியங்களைச் செய்வோம். முதலாவது, அதைக் கண்டால் தொடாதீர்கள். கம்பியை அறுக்கவோ இழுக்கவோ வேண்டாம். வந்த தடத்திலேயே திரும்பி வந்து, அயலவரை எச்சரித்து, கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள். இரண்டாவது, பன்றியைத் தனியாக எதிர்கொள்ளாதீர்கள். பக்கத்துக் காணிக்காரர்கள் ஒரே காலத்தில் பயிரிட்டு, வேலியை ஒன்றாக அடைத்து, பரண் கட்டி முறைவைத்துக் காவல் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வாரத்தில் ஓரிரவு விழிப்பே போதுமாகலாம். நித்திரை கெடும், உண்மைதான். ஆனால் காலையில் அந்த வரம்பால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இரண்டு கால்களோடும் வீடு திரும்பும்.