ஓசைக்கொரு பெயரா?

சென்ற மாதம் ஒரு மாலை. அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய ஒருவர், இன்று ஒரு பெண்மகவுக்குத் தந்தையானவர், கையில் கைப்பேசியுடன் வந்து ஸலாம் உரைத்தார்.

"ஹஜ்ரத், நாளை மறுநாள் ஏழாம் நாள். முடியிறக்கிப் பெயர் சூட்ட வேண்டும். மூன்று பெயர்களைத் தேர்ந்து வைத்திருக்கிறோம். எது செல்லமாக ஒலிக்கிறது என்று தாங்கள்தாம் சொல்லவேண்டும்" என்றார். மூன்றையும் படித்தார்: ரியா, அலைனா, ஸானியா.

பொருள் என்னவென்று வினவினேன். "பொருளைப் பார்க்கவில்லை ஹஜ்ரத். மூன்றும் சின்னஞ்சிறு பெயர்கள், நம் தெருவில் வேறு எவருக்கும் இல்லை" என்று விடையிறுத்தார்.

இந்த விடை அவர் ஒருவருடையதன்று. இன்று நம் சமுதாயத்தில் பெயர் தேடும் வீடுகளில் பெரும்பாலானவை இதே விடையைத்தான் சொல்லும். ஆதலின் அவரிடம் அன்று சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதத் துணிந்தேன்.

முதற்பெயரை எடுத்துக்கொள்வோம். அரபியில் 'ரியா' என்பது, பிறர் காணவேண்டும், பிறர் மெச்சவேண்டும் என்னும் எண்ணத்தோடு வணக்கம் புரிவது. திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயமாகிய அல்மாஊன், பிறருக்குக் காட்டுவதற்காகத் தொழுவோரைக் கடிந்துரைக்கிறது. இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா'வின் 40 பகுதிகளுள் ஒன்றையே புகழாசையையும் ரியாவையும் இடித்துரைக்க ஒதுக்கினார்கள். வேற்று மொழியினர் இவ்வொலிக்கு வேறொரு பொருள் கொண்டு தம் மக்களுக்குச் சூட்டுவாராயின் அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் நம் வீட்டுப் பெண் நம் மதரஸாவுக்கு வருவாள் அன்றோ? "யா அல்லாஹ், ரியாவை விட்டும் எங்களைக் காப்பாயாக" என்று ஆசிரியர் துஆ ஓதும்போது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்த ஏழு வயதுச் சிறுமி யார் முகத்தைப் பார்ப்பாள்?

இரண்டாம் பெயர் 'அலைனா'. குர்ஆனில் வரும் சொல் என்று மகிழ்ந்து வைக்கிறார்கள். வருவது உண்மையே. 'எங்கள் மீது' என்பது அதன் பொருள். தமிழில் ஒரு குழந்தைக்கு 'எங்கள்மீது' என்று பெயரிடுவார் உண்டோ? குர்ஆனில் வரும் சொல் ஒவ்வொன்றும் புனிதமானதே. ஆயினும் ஒவ்வொன்றும் பெயராகிவிடாது. ஃபிர்அவ்னும் ஹாமானும்கூட அங்கே வரத்தான் செய்கிறார்கள்.

மூன்றாம் பெயரில் எழுத்தின் சிக்கல் இருக்கிறது. ஸா, ஸீன், ஸாய் என்னும் மூன்று தனி எழுத்துகளும் தமிழில் 'ஸ' என்ற ஓர் எழுத்துக்குள் வந்து ஒடுங்கிவிடுகின்றன. 'ஸானியா'வை முதல் எழுத்தால் எழுதினால் 'இரண்டாமவள்'. அடுத்த எழுத்தால் எழுதினால் 'நீரிறைக்கும் பெண் ஒட்டகம்'. கடைசி எழுத்தால் எழுதினாலோ, 24ஆம் அத்தியாயத்தின் 2ஆம் வசனம் எந்தக் குற்றத்துக்குத் தண்டனை விதிக்கிறதோ அக்குற்றம் புரிந்தவள். பெற்றோர் உள்ளத்தில் இருந்தது 'ஸனிய்யா', அதாவது ஒளிமிக்கவள், என்னும் நல்ல சொல்லாகவே இருக்கலாம். ஓசைக்காக அதை நீட்டியபோது பொருள் அதைவிட்டு ஓடிவிட்டது.

இது வெறும் இலக்கண விளையாட்டு என்று எண்ணவேண்டா. ஃபிர்அவ்னின் மனைவியாக இருந்தும் ஈமான் கொண்ட அம்மையாரின் பெயர் ஆஸியா. ஐனும் ஸாதும் கொண்டு எழுதப்படும் மற்றோர் 'ஆஸியா'வுக்கு 'மாறு செய்பவள்' என்று பொருள். அந்த இரண்டாம் பெயரைத் தாங்கியிருந்த ஒரு பெண்மணிக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் 'ஜமீலா' என்று பெயர் மாற்றினார்கள். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. நம் பாட்டிமார்க்கு இந்த இடர் இருந்ததில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெரியார்கள் வளர்த்த அறபுத்தமிழை அவர்கள் கற்றிருந்தார்கள். தமிழையே அரபி எழுத்தில் எழுதியவர்கள், தம் மகளின் பெயரில் எந்த ஸ வருகிறது என்பதை அறிந்திருந்தார்கள். நாமோ ஆங்கில எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பார்த்துத் தமிழில் எழுதி, அதை அரபி என்று நம்புகிறோம்.

இங்கே கற்றறிந்த வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். "கதீஜா என்ற சொல்லுக்குக் குறைமாதத்தில் பிறந்தவள் என்பதுதானே அகராதிப் பொருள்? அதை மட்டும் போற்றுகிறீர்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயருக்குச் சிறப்பு இரண்டு வழிகளில் வரும். ஒன்று சொல்லின் பொருளால் வருவது. மற்றொன்று அதைத் தாங்கியவரின் வாழ்வால் வருவது. நபித்துவத்தின் முதல் நாளில் நாயகத்துக்கு ஆறுதல் கூறி, முதலில் ஈமான் கொண்ட அன்னையால் கதீஜா என்னும் பெயர் மாண்புற்றது. அகராதி அதன் அருகே நெருங்க இயலாது. ரியாவுக்கும் அலைனாவுக்கும் இவ்விரு வழிகளில் எந்த வழி திறந்திருக்கிறது?

அப்படியாயின் சின்னஞ்சிறு பெயர், செல்லப் பெயர், கேட்க இனிய பெயர் கூடாதா? தாராளமாகக் கூடும். பர்ரா, அதாவது புண்ணியவதி, என்னும் பெயர் தற்பெருமைக்கு இடமளிக்கும் என்று கருதி நபி (ஸல்) அவர்கள் மாற்றிய செய்தி ஹதீஸ்களில் உண்டு. பர்ரா என்றிருந்த ஹாரிஸின் மகளாருக்கு அவர்கள் சூட்டிய பெயர் ஜுவைரியா. அதன் பொருள் 'சின்னஞ்சிறுமி'. நாயகத்தின் அத்தை ஒருவரின் பெயர் உமைமா. 'சின்னத் தாய்' என்று பொருள். நம் வீடுகளில் மகளை 'அம்மாக்குட்டி' என்று கொஞ்சுகிறோமே, அதுவேதான். அரபி மொழி செல்லத்துக்கென்றே ஒரு சொல்லமைப்பை வைத்திருக்கிறது. 1938இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை வெளியிட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் பெயரில் உள்ள ஜுனைதாவும் அவ்வகையே. செல்லமும் பொருளும் பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

என் கூட்டத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அரபி அல்லாத பெயரெல்லாம் ஆகாத பெயர் என்று மிம்பரிலிருந்து முழங்கும் ஆலிம்கள் சிலர் உளர். மார்க்கம் கேட்பது நல்ல பொருள். அல்லாஹ் அல்லாததற்கு அடிமை என்னும் பொருள் வராமை. உமர், அலி என்பன இஸ்லாத்துக்கு முன்பே அரபு நாட்டில் வழங்கிய பெயர்கள்தாமே! இளையான்குடியில் ஞானப் பாடல்கள் பாடிய முஸ்லிம் பெண்மணியின் பெயர் கச்சிப்பிள்ளையம்மாள். அந்தத் தமிழ்ப் பெயர் அவர் ஈமானுக்கு எங்கே இடையூறு செய்தது? தமிழ்ப் பெயரை நாம் விரட்டியதால்தான், பொருள் தெரியாத ஓசை அரபி வேடமிட்டு உள்ளே நுழைந்தது. இன்னொரு குற்றமும் நம்முடையதே. குர்ஆனைப் பிழையற ஓதக் கற்பித்தோம். ஓதியதன் பொருளைக் கற்பிக்கவில்லை. என்னிடம் ஐந்தாண்டு ஓதியவர் ரியாவின் பொருளறியாமல் வந்து நின்றாரெனில், நாணவேண்டியவன் நான்.

அன்று மாலை இவற்றையெல்லாம் கேட்ட பின் அவரிடம், "தங்கள் தாயாரின் பெயர் என்ன?" என்று கேட்டேன். "செய்னம்பு" என்றார், சற்றுக் கூசியவராய். "அப்பெயரை வைக்கலாமே?" என்றேன். "பழைய பெயர் ஹஜ்ரத். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள்" என்றார்.

செய்னம்பு என்பது ஸைனப். நறுமணம் கமழும் அழகிய மரம் ஒன்றின் பெயர் அது. பர்ரா என்றிருந்த ஜஹ்ஷின் மகளாருக்கும், உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகளாருக்கும் நபியவர்கள் தாமே தேர்ந்து சூட்டிய பெயர் அது. அவர்களின் மூத்த மகளாரும் ஸைனபே. நாயகம் ஒரு பெயரை நீக்கி எதனைச் சூட்டினார்களோ, அதனையே பழையதென்று நீக்கிவிட்டு நாம் பட்டியலில் எதைத் தேடுகிறோம்? மூத்த பேத்திக்குப் பாட்டியின் பெயரிடும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அப்பெயரைக் கேட்கும் கிழவிக்கு, தான் முழுதும் போய்விடப் போவதில்லை என்றோர் ஆறுதல் இருந்தது. 'யாருக்கும் இல்லாத பெயர்' வேண்டும் என்கிறோம். யாருக்கும் இல்லாத பெயரால் யாரோடும் உறவு இல்லை.

பெயர் தேடுவோர்க்கு அவசரம் வேண்டா. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பெயரின்றியே பிறப்பைப் பதியவும், பெயரைப் பின்னர் சேர்க்கவும் இடமளிக்கிறது. ஏழாம் நாளுக்குள் அரபி அறிந்த ஒருவரிடம் சென்று, இச்சொல்லை எந்த எழுத்தால் எழுதுவது, என்ன பொருள் என்று கேட்பது அரைமணி நேர வேலை. ஆயுள் முழுதும் அந்தப் பெண் தாங்கப்போகும் சொல்லுக்கு அரைமணி நேரம் அதிகமா?

அம்மாணவர் ஸைனப் என்று வைக்கவில்லை. ஜுவைரியா என்று வைத்தார். எனக்குக் குறையில்லை. சென்ற வாரம் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அந்த மூதாட்டிக்கு ஜகரம் நாவில் வரவில்லை. "சுவைரியா" என்று அழைக்கிறார். தொட்டிலில் கிடக்கும் குழந்தை அக்குரலுக்குத்தான் திரும்புகிறது. உமறுப் புலவர் சீறாவில் அரபுப் பெயர்களைத் தமிழ் நாவுக்கு இணக்கினார். பாட்டியும் அதையே செய்கிறார். ஓசை எப்படியும் மாறும். நிற்பது பொருள்தான்.