கரிகாலன் வாங்காத உரிமம்

"கரிகாலன் கல்லணை கட்ட எந்த அலுவலகத்தில் உரிமம் வாங்கினான்?"

திருவையாற்றுப் படித்துறையில் அமர்ந்திருந்தபோது, கட்டட ஒப்பந்தகாரரான நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். 2024 ஜூலையில் தமிழக அரசு, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி வழங்கத் தொடங்கியது. அச்சலுகையைப் பள்ளிகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

தன் வீட்டில் தானே உறங்குபவனின் சான்றை நம்பலாம். பிறர் பிள்ளைகள் அமரும் கூரைக்கு அந்த நியாயம் செல்லாது. கும்பகோணம் இங்கிருந்து தொலைவில் இல்லை. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர்.

"சட்டம் இருந்துமா தடுக்க முடியவில்லை?" என்று நண்பர் மடக்கலாம். உண்மைதான். தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்துக்கு அப்போது வயது 39. 2014 ஜூன் 28 அன்று இடிந்து 61 உயிர்களைக் குடித்த மௌலிவாக்கம் அடுக்ககமும் திட்ட அனுமதி பெற்றதே. ஆனால் இவை உரிமம் வேண்டாம் என்பதற்குச் சான்றல்ல. கட்டடத்தைக் காணாமல் கோப்பை மட்டும் கண்டு இடப்படும் கையொப்பம் உரிமமே ஆகாது என்பதற்குச் சான்று. கும்பகோணம் வழக்கில் பத்தாண்டுகள் கழித்து, 2014இல்தான், தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 21 பேரில் 11 பேர் விடுதலையாயினர். 2017இல் உயர் நீதிமன்றம் நிறுவனரின் ஆயுள் தண்டனையையும் குறைத்தது. கையொப்பமிட்டவனுக்கு அச்சம் எங்கிருந்து வரும்?

கரிகாலனைத் துணைக்கழைப்போர் உத்தரமேரூரை ஏன் மறக்கிறார்கள்? முதற்பராந்தகன் காலத்து அக்கல்வெட்டின்படி, ஏரி வாரியம் முதலிய பொறுப்புகளில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர இயலாது. அதைக் கல்லில் பொறித்து ஊரார் கண்முன் வைத்தார்கள். பொறுப்பு என்பது பெயரோடும் முகத்தோடும் இருந்தது.

நான் கேட்பதும் அதுவே. ஒவ்வொரு பள்ளியின், மண்டபத்தின் வாயிற்சுவரிலும் உறுதிச்சான்று அளித்த பொறியாளர் பெயர், உரிமம் தந்த அலுவலர் பெயர், நேரில் ஆய்வு செய்த நாள் ஆகிய மூன்றும் எழுதப்படட்டும். திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகருக்குச் சலவைக்கல் பதிக்கிறோமே, அதனருகில் இவர்களுக்கும் ஒரு கல் பதிக்க இடமில்லாமலா போய்விடும்?